கிராதிக்கு இந்தப் பக்கம்

பியூலா அதைச் சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. அடுப்படி நிலையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, பால் திரிந்துவிட்டது என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். "நீங்க பரிசுத்தமாக ஆரம்பிச்சதுல இருந்து இந்த வீட்ல மூச்சு விடப் பயமா இருக்கு." அப்போது சத்தியநேசன் வாசலில் குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை, பதிலும் சொல்லவில்லை. பதில் சொல்லாமல் இருந்ததே வெற்றி என்றுதான் அந்த நேரத்தில் பட்டது. போன வருஷமாக இருந்தால் அவர் போட்டிருக்கும் சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும். ஸ்கூட்டரைக் கிளப்பி, ஏறிக்கொள் என்று தலையை மட்டும் அசைத்தார். நீங்கள் முன்னால் போங்கள், நான் ஆட்டோவில் வருகிறேன் என்றாள். சரி, கோபம். இருந்துவிட்டுப் போகட்டும். அவளுடைய கோபத்தை ஆண்டவர் மன்னிக்க வேண்டும் என்று ஜெபித்துக்கொண்டே கோயில் வரை வந்தார். ஆனிக் காற்று தூசியை வாரிக் கண்ணில் அடித்தது, அதற்கும் சலித்துக்கொள்ளவில்லை. வந்து, ஆண்கள் பக்கம், நடுவரிசையில் தூணை ஒட்டின தன் இடத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடி, முதல் பாட்டுக்கு எழுந்து, பாடி, திரும்ப உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, பாட்டு முடிந்துவிட்டது, அந்த வாக்கியம் முடியவில்லை. மூச்சு விடப் பயமா இருக்கு. இது என்ன பேச்சு. அவள் மூச்சை யார் பிடித்தார்கள். அவர் அந்த வீட்டில் குரலை உயர்த்தி எத்தனை மாதம் ஆகிறது. தட்டைத் தள்ளியதில்லை. குழம்பில் உப்பு இல்லை என்று ஒரு சொல் சொன்னதில்லை, அந்த உப்பில்லாத குழம்பை முழுக்கச் சாப்பிட்டுவிட்டு அவர் கைகழுவ எழுந்ததை அவளும் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள். பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாம், கடைசி உருண்டை வரை அவர் விழுங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள், பிறகு தன் தட்டில் போட்டு ஒரு வாய் வைத்ததும் அவள் முகம் போன போக்கு. ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இதுவரை யோசித்ததில்லை. யோசிக்க வேண்டாம். ஆராதனை நேரம். மனதை இழுத்து நிறுத்து.

மனதை இழுத்து நிறுத்துவது அவருக்குப் பழகின வேலைதான். மிஷன் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டராக இருந்து, ஒரு தலைமுறைப் பிள்ளைகளை வெயிலில் வரிசை கட்டி நிறுத்தியவர். கால் தப்பினால் விசில், கை தாழ்ந்தால் விசில். ஓய்வு பெற்றபின் அந்த விசில் அவருக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது, அதுவும் மனுவேல் செத்த நாளிலிருந்து. மனுவேல் அதே பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர், சாயங்காலங்களில் அவருக்கு டீக்கடைத் துணை. கோயில் தேர்தல் சமயம் அது. மனுவேல் கண்ணாடி டம்ளரைக் கையில் பிடித்தபடி, அவருக்கே உரிய குசும்போடு, "அந்தப் பய கதை தெரியுமா ஒனக்கு" என்று ஆரம்பித்தார். டம்ளர் சாய்ந்தது. டீ வேட்டியில் கொட்டியது. எந்தப் பய, என்ன கதை, ஒன்றும் தெரியாமலே போனது. அடக்க ஆராதனையில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்று குருவானவர் சொன்னபோது சபை தலையாட்டியது. சத்தியநேசன் ஒருவருக்குத்தான் தெரியும் மனுவேல் எதற்குள் நித்திரையடைந்தார் என்று. ஒரு மனுஷனைப் பற்றின பழியை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு போனார். நல்ல மனுஷன், பிள்ளைகளுக்குச் சோறு போட்டவர், ஆனால் அந்தக் கடைசி வாக்கியம். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, பியூலாவிடம்கூட. அன்றைக்கு வீட்டுக்கு வந்து வாயைக் கொப்பளித்தார், ஏதோ தானும் அதைப் பேசினதுபோல. என் வாயில் என்ன இருக்கும்போது கூப்பிடுவார்? காபியைத் திட்டிக்கொண்டிருக்கும்போதா, கிரிக்கெட்டில் ஒருவனை ஏசிக்கொண்டிருக்கும்போதா? அதனால் காபியை விட்டார். கிரிக்கெட்டை விட்டார், டீக்கடையை விட்டார், பேப்பரை விட்டார். அதிகாலையில் பாயை விரித்து முட்டுக்கால் போட்டு ஜெபம், மத்தியானம் ஜெபம், வெள்ளிக்கிழமை உபவாசம். பரிசுத்தமாக இருக்கச் சொல்லித்தானே அழைப்பு, இஷ்டமிருந்தால் இரு என்றா இருக்கிறது. பியூலாவை எதையும் விடச் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை. அவள் சாயங்காலம் சீரியல் போட்டால் அவர் எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். மெதுவாகத்தான் சாத்துவார். கொஞ்ச நாளில் அவள் சத்தத்தைக் குறைத்தாள். பிறகு டிவியைப் போடுவதையே விட்டுவிட்டாள். தன் நடத்தையின் சாட்சி அவளைத் தொட்டிருக்கிறது என்று அன்றைக்கு அவர் நன்றி சொல்லி ஜெபித்தார். அவள் தங்கச்சி ஹெலனோடு போனில் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் கூடத்துக்கு வந்தால் பேச்சு நின்றுவிடும், சரி வைக்கட்டா என்பாள். அதற்கும் நன்றி சொன்னார். இப்போது, இந்த விசிறிக்குக் கீழே, அந்தச் சாத்தின கதவும் நின்றுபோன பேச்சும் வேறு மாதிரித் தெரிகின்றன. ஒரு வகுப்பு, வாத்தியார் காலடி கேட்டதும் அடங்குமே, அந்த மாதிரி.

பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். முதல் வேதபாடம் வாசிக்க வேண்டியது அவர். எழுந்து, சட்டையை இழுத்துவிட்டு, நடைபாதை வழியே முன்னால் போகும்போது பெண்கள் பக்கம் கண் ஓடியது. பியூலா வந்திருந்தாள். வெளிர்ப்பச்சைச் சேலை, தலையில் முக்காடு, வரிசையின் ஓரத்து இடம். வழக்கமாக நடுவில் பெண்கள் ஐக்கியத்தாரோடு நெருக்கி உட்காருகிறவள் இன்றைக்கு ஏன் ஓரம். அவர்களோடும் சண்டையா. இல்லை, தனியாக இருக்க வேண்டும் என்று இருக்கிறாள். அவர் பாடத்தைத் திறந்து வாசித்தார். மைதானத்துக்குக் குறுக்கே எட்டின குரல், மைக்கே வேண்டாம், அது கோயிலின் பின்சுவரில் போய்த் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது, அந்தத் திரும்பி வருகிற சத்தம் அவருக்கு நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறதே என்று நினைத்த அதே நொடியில் உள்ளே விசில். கர்த்தருடைய வார்த்தையை வாசித்துக்கொண்டு உன் தொண்டையைக் கேட்கிறாயா. தாழ்த்தினார் குரலை. தாழ்த்தினதும், பார், உடனே கண்டுகொண்டேன், உடனே திருத்திக்கொண்டேன், எத்தனை பேருக்கு இது வாய்க்கும் என்று ஒன்று உள்ளே எழும்பி நெஞ்சை நிமிர்த்தியது. அதற்கும் விசில். இந்த விசிலை ஊதுகிறவன் யார், அவனுக்கு யார் விசில் ஊதுவது. வாசித்த வரியையே திரும்ப வாசித்துவிட்டார். சபையில் ஒருவர் இருமினார். முடித்து, இடத்துக்கு வரும்போது பியூலாவைப் பார்க்கக்கூடாது என்று பார்க்காமல் வந்தார், பார்க்காமல் வருவதற்குத்தான் அதிகப் பிரயாசை வேண்டியிருந்தது. பிறகு பிரசங்கம். குருவானவர் இளைஞர், நல்ல மனுஷன், உதாரணங்களை எங்கிருந்தோ தேடிப்பிடித்துக் கொண்டுவருவார். இன்றைக்கு ஏதோ வயல், ஏதோ களை. காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை. பாவ அறிக்கை வந்தது. சபையார் முட்டுக்கால் போட்டு, சேர்ந்து சொல்ல வேண்டிய வார்த்தைகளைச் சொன்னார்கள், நினைவாலும் சொல்லாலும் செயலாலும் என்று. அவர் ஒவ்வொரு வார்த்தையிலும் நின்று தன் வாரத்தைத் துழாவினார், இது அவர் வழக்கம், மற்றவர்கள் ஓடிப்போன பிறகும் அவர் உதடு அசைந்துகொண்டிருக்கும். சொல்லால்? இல்லை. இந்த வாரம் வாயால் ஒன்றும் தப்பவில்லை. செயலால்? இல்லை. நினைவால் என்றால் வாசிக்கும்போது வந்தது ஒன்று. வேறு? துழாவினார். பை சுத்தமாக இருந்தது. அந்தச் சுத்தம்தான் அவரைத் திடுக்கிட வைத்தது. ஒரு வாரத்தில் ஒரு பாவமும் கிடைக்காத மனுஷனோடு ஒருத்தி மூச்சு விடப் பயந்துகொண்டு குடித்தனம் பண்ணுகிறாள். இரண்டில் ஒன்று பொய். அவள் பொய் சொல்கிறவள் இல்லை. கல்யாணமான புதிதில் அவர் வாங்கிவந்த சேலையைப் பார்த்து, இந்த நிறம் எனக்கு ஆகாது, நீங்கள் ஆசையாக எடுத்ததால் உடுத்திக்கொள்கிறேன் என்று முகத்துக்கு நேரே சொன்னவள். அப்படிப்பட்டவள் எப்போதிலிருந்து, சரி வைக்கட்டா என்று போனை வைக்கிறவள் ஆனாள்?

சமாதானம் சொல்லும் நேரம். குருவானவர் பீடத்திலிருந்து இறங்கி வந்து முன்வரிசைக்காரரின் கையை இரண்டு கைக்குள்ளும் எடுத்து, சமாதானம் உங்களோடிருப்பதாக என்றார். அவர் அதைத் திரும்பிப் பக்கத்தவருக்குக் கொடுத்தார், பக்கத்தவர் பின்னாலிருந்தவருக்கு. கையிலிருந்து கைக்கு அது வருவதைச் சத்தியநேசன் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு காலமாக வாங்கிக் கொடுத்துத்தான் இருக்கிறார், ஆனால் அது வருகிற வழியை இன்றைக்குத்தான் பார்க்கிறார். தபாலாபீஸில் வேலை பார்க்கும் தவமணி தன் பெரிய, ஈரமான உள்ளங்கைகளால் அவர் கைகளைப் பொதிந்து சமாதானம் என்றபோது, அவர் அதை வாங்கித் தூணுக்கு அந்தப்பக்கம் இருந்தவருக்குக் கொடுத்தார். அதோடு அவர் கடமை முடிந்தது. நடைபாதைக்கு அந்தப்பக்கம் பெண்களுக்கு வேறு வரிசை, குருவானவரின் மனைவி தொடங்கிவைத்த வேறு சமாதானம். அது பியூலாவிடம் வந்து சேர்ந்துவிட்டது, அவள் யாரோ ஒரு கிழவியின் கையைப் பிடித்துக் குனிந்து என்னவோ சொல்லிச் சிரித்தாள். சிரித்தாள். வீட்டில் அந்தச் சிரிப்பைப் பார்த்து நாளாயிற்று. அவர் கையிலிருந்த சமாதானம் எப்படிப் போனாலும், எத்தனை கை மாறினாலும், நடைபாதையைத் தாண்டி அவளிடம் போய்ச் சேராது. கோயில் கட்டினபோதே வெள்ளைக்காரத் துரை அப்படித்தான் இருக்கை போட்டுவைத்தான். இது ஏன் இன்றைக்குப் புதிதாக உறுத்துகிறது. வெயில்தான், சாப்பிடாமல் வந்ததுதான். நற்கருணை அப்பமும் ரசமும் வாங்குவதற்கு முன் எதையும் வாயில் வைப்பதில்லை என்று இந்த வருஷம் ஒரு வைராக்கியம். காலையில் அவள் ஆப்பம் சுட்டு வைத்திருந்தாள். இன்றைக்கு நற்கருணை என்று அவளுக்குத் தெரியாதா, தெரியும், அவர் சாப்பிட மாட்டார் என்றும் தெரியும். தெரிந்தும் ஏன் சுட்டாள். ஒருவேளை சாப்பிட்டுவிட மாட்டாரா என்று. அவர் தட்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்தார். அதற்குப் பிறகுதான் அந்த வாக்கியம் வந்தது. இப்போது வரிசையாக ஞாபகம் வருகிறது.

பாடகர் குழு மெதுவாகப் பாட ஆரம்பிக்க, முன்வரிசைகள் எழுந்து கிராதியை நோக்கிப் போயின. கிராதி என்றால் பீடத்துக்கு முன்னால் இருக்கும் தேக்குத் தடுப்பு. இடது பாதியில் பெண்கள், வலது பாதியில் ஆண்கள், முட்டுக்கால் போட்டுக் கையேந்துவார்கள். பியூலாவின் வரிசை எழுந்தது. சத்தியநேசன் தலையைத் திருப்பாமல் பார்த்தார். ஓரத்தில் இருந்தவள் முதலில் எழுந்து நடக்க வேண்டும், அதுதான் முறை. அவள் எழவில்லை. கால்களை ஒருபக்கமாக ஒதுக்கிக்கொண்டு, மற்றவர்களுக்கு வழிவிட்டாள். ஒவ்வொருத்தியாக அவளைத் தாண்டிப் போனார்கள், ஒருத்தி குனிந்து ஏதோ கேட்டாள், அவள் தலையசைத்தாள். வரிசை காலியானது. அவள் ஒருத்தி மட்டும் அந்த நீளப் பெஞ்சில் வெளிர்ப்பச்சையாக உட்கார்ந்திருந்தாள். நற்கருணை எடுக்கவில்லை. பியூலா எடுக்கவில்லை. பிரசவமான மாதம் தவிர அவள் எடுக்காத ஞாயிறே அவருக்கு ஞாபகமில்லை. மனதில் கசப்பை வைத்துக்கொண்டு எடுக்கக்கூடாது என்று உட்கார்ந்திருக்கிறாள். என்னால். நான் பரிசுத்தமாகப் போய், அவளைப் பந்தியிலிருந்து எழுப்பிவிட்டேன். அவர் வரிசையின் முறை வந்தது. தவமணி முழங்கையால் லேசாக இடித்தார். கால் தானாக எழுந்தது, வரிசை என்றால் எழுந்துவிடுகிற கால். நடந்தார். அவளைக் கடந்து நடந்தார், அவள் இருந்த பெஞ்சின் ஓரத்தை அவர் கை ஏறக்குறைய தொட்டது, அவள் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போய்க் கிராதியில் முட்டுக்கால் போட்டார். சிவப்பு மெத்தை, முன்னால் போனவர்களின் முட்டுப் பள்ளம் அதில் இன்னும் இருந்தது. கையை ஒன்றின்மேல் ஒன்று வைத்தார். குருவானவர் அந்த ஓரத்தில் தொடங்கிவிட்டார், ஒவ்வொருவரிடமும் அந்த வார்த்தைகளை முணுமுணுப்பாகச் சொல்லிக்கொண்டு அப்பத்தை வைத்துக்கொண்டே வருகிறார். எடுக்கலாமா. அவள் அங்கே இருக்க நான் எடுக்கலாமா. எடுக்காமல் போனால்? சத்தியநேசன் சார் எடுக்கவில்லை, கிராதி வரை வந்துவிட்டு எழுந்து போய்விட்டார், மத்தியானத்துக்குள் ஊர் பூராவும் போய்விடும், என்ன பாவம் பண்ணினாரோ என்று. சார் என்று கூப்பிட்டுப் பிள்ளைகளுக்காக ஜெபிக்கச் சொல்கிறார்களே, அவர்கள் என்ன நினைப்பார்கள். ஓ. இதுதானா. இத்தனை காலம் காபியை விட்டு, பேப்பரை விட்டு, கிரிக்கெட்டை விட்டு, விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது இதைத்தானா. குருவானவரின் அங்கி உரசுகிற சத்தம் கிட்டே வந்தது. அவளுக்குத்தானே கோபம், அவள்தானே வரவேண்டும் என்று ஒரு பக்கம் வாதாடியது. ஆனால் காணிக்கையைப் பீடத்தடியிலேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று வேதத்தில் சொல்லியிருக்கிறதே, அது கோபமாக இருக்கிறவனைப் பார்த்துச் சொன்னது இல்லை, தன்மேல் ஒருவருக்குக் குறை இருக்கிறது என்று ஞாபகம் வருகிறவனைப் பார்த்துச் சொன்னது. ஆண்கள் ஐக்கியத்தில் இதையே எடுத்துப் பேசியிருக்கிறார், நன்றாகப் பேசினதாகச் சொன்னார்கள். பக்கத்துக் கைகளில் அப்பம் விழுந்தது. சத்தியநேசன் எழுந்துவிட்டார்.

எழுந்ததும் என்ன செய்வதென்று தெரியவில்லை. கோயில்குட்டியார், கோயிலைப் பார்த்துக்கொள்கிற வயசாளி, சுவரோரமாக ஓடிவந்து, "சார், தலை சுத்துதா" என்று கையைப் பிடித்தார். இல்லை என்று சொல்லிவிட்டு நடைபாதையில் திரும்பி நடந்தார். இத்தனை முகங்களும் இப்படி எதிரே இருக்கும் என்று தெரியாது; போகும்போது எல்லாம் முதுகு, வரும்போது எல்லாம் முகம். கால் தன் தூணை நோக்கிப் போகப் பார்த்தது. அதை இழுத்து, பெண்கள் பக்கம், அந்தக் காலிப் பெஞ்சில், பியூலாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பின்வரிசையில் சேலைகள் சலசலத்தன. பியூலா நிமிர்ந்து பார்த்தாள். பயம்தான், அந்தக் கண்ணில் முதலில் வந்தது பயம்தான், அதை அவர் பார்த்துவிட்டார், இனி பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது.

"இங்க எதுக்கு வந்திய. எல்லாரும் பாக்காங்க" என்றாள் உதட்டுக்குள்.

"எம்மேல உள்ள கோவத்துலதான எடுக்காம இருக்க."

அவள் அவரையே பார்த்தாள். "கோவமா. முட்டு மடங்கலங்க. மடக்குனா நிமித்த முடியல. அங்க போயி முட்டுக்கால் போட்டா என்னத் தூக்கி விடணும். ஐயாகிட்டச் சொல்லி இங்க கொண்டுவரச் சொல்லியிருக்கேன்."

அவர் குனிந்து பார்த்தார். அவள் சேலைக்குக் கீழே இடது கால் நீட்டியபடியே இருந்தது. எப்போதிருந்து என்று கேட்டார். குளியலறையில் வழுக்கினதைச் சொன்னாள், வாரத் தொடக்கத்தில், சொல்ல வந்தேனே என்றாள். வந்தாள். பாயில் அவர் முட்டுக்கால் போட்டுக் கண்மூடியிருக்க, என்னங்க, கீழ, என்று ஆரம்பித்தாள். அவர் கண்ணைத் திறக்காமல் கையை மட்டும் உயர்த்தினார், உள்ளங்கை வெளியே தெரிய, வரிசையை நிறுத்துகிற கை. அவள் நின்றுவிட்டாள். அதற்குப் பிறகு அந்த வாரம் முழுக்க வீட்டில் ஒரு கால் இழுபடுகிற சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது, கேட்டார், முறுக்கிக்கொண்டு நடக்கிறாள் என்று எண்ணி அவளுக்காக ஜெபித்தார். ஸ்கூட்டர். நிலையில் ஊன்றின கை. அவள் எழுந்து நின்று சுட்ட ஆப்பம். பாவ அறிக்கையில் அத்தனை துழாவியும் அகப்படாதது இவ்வளவு பெரிதாகக் கூடத்தின் நடுவில் நடந்துகொண்டிருந்திருக்கிறது. கூடவே, கேவலம், ஒரு ஆறுதலும் வந்தது: கோபம் இல்லை, முட்டு வலிதான். அந்த ஆறுதலைப் பிடித்துக்கொண்டு, அப்போ காலையில் சொன்னது முட்டு வலியில் சொன்னதுதானா என்று கேட்டார்.

"அது வேற" என்றாள் பியூலா. "அதுவும் நெசந்தான்."

பாட்டின் அடுத்த அடி ஆரம்பிக்கும்வரை காத்திருந்து, அந்தச் சத்தத்துக்குள் பேசினாள். "முன்ன கத்துவிய. நானும் கத்துவேன், முடிஞ்சிரும். இப்ப ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிய. என்ன தப்பு பண்ணுனேன்னு நாள் பூரா நானே தேடிக்கிட்டு இருக்கேன்."

அவர் தேடினார், இதற்கு ஒரு பதில். மன்னிச்சுக்கோ என்று சொல்ல வாய் வந்தது, அதை எவ்வளவு அழகாகச் சொல்வோம் என்று உள்ளே ஒன்று உடனே தயாரானது தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டார். குருவானவர் படியிறங்கி நடைபாதையில் வந்துகொண்டிருந்தார், ஒரு கையில் அப்பத்தட்டு, பின்னால் உதவியாளரின் கையில் திராட்சரசப் பாத்திரம். பியூலா உட்கார்ந்தபடியே கையேந்தினாள், வாங்கினாள். குருவானவர் அவரைப் பார்த்தார், இந்தப் பக்கம் இவர் எப்படி என்று கேட்கிற முகம், ஆனால் கேட்கவில்லை, அப்பத்தைப் பிடித்தபடி நின்றார். சத்தியநேசனின் கை மடியிலேயே இருந்தது. ஆயத்தமில்லை. இந்த வருஷம் ஒரு முறைகூட ஆயத்தமில்லாமல் எடுத்ததில்லை, சனிக்கிழமையே தொடங்கிவிடுவார். இப்போது மனதில் சுத்தமான ஒன்றும் இல்லை, எலும்பு டாக்டர் ஞாயிற்றுக்கிழமை இருப்பாரா, வீக்கத்துக்கு ஐஸ் வைப்பதா வெந்நீர் ஒத்தடமா, பிள்ளைகளுக்கு மைதானத்தில் அடிபட்டால் முதலில் என்ன செய்வோம், அத்தனை பிள்ளைகளின் முட்டைப் பிடித்துப் பார்த்த கை இவள் முட்டைப் பார்க்கவில்லையே. "கைய நீட்டுங்க" என்றாள் பியூலா, அவர் விலாவில் இடித்து. அந்த இடியில் பயம் இல்லை. நீட்டினார். அப்பம் எப்போதும்போல் நாக்கில் ஒட்டியது. பாத்திரம் வந்தது. எல்லாம் முடிந்து குருவானவர் அடுத்த பெஞ்சுக்குப் போனபிறகும் உள்ளே விசில் வருமென்று காத்திருந்தார், வந்ததா வரவில்லையா என்று சொல்லத் தெரியவில்லை, ஏனென்றால் அதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு பாட்டியம்மா அவர் தோளைத் தட்டி, தம்பி, கொஞ்சம் தள்ளி உட்காரு, எனக்குப் பீடம் தெரியலை என்றாள்.

ஸ்கூட்டரைக் கோயிலிலேயே விட்டுவிட்டு ஆட்டோவில் ஏறினார்கள். வாசலில் சிலர் அவரைப் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டார்கள்; அது உறைத்தது, உறைக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தார், உறைத்தது. நேரே எலும்பு டாக்டர் வீட்டுக்குப் போகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பார்க்க மாட்டாரே என்றாள். அவர் பையன் என்னிடம் ஓடிப் பழகினவன், கதவைத் தட்டலாம் என்றார். பியூலா காலை நீட்டி வைத்துக்கொள்ள வசதியாக அவர் ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்தார். காற்று பக்கவாட்டில் அடித்தது. அவள் பேச ஆரம்பித்தாள், முட்டு வலியைப் பற்றி இல்லை, ஹெலனைப் பற்றி. ஹெலன் நேற்று போன் பண்ணினாளாம், அவள் மகளுக்கு ஒரு இடம் வந்திருக்கிறதாம், பையன் திருச்சியில் இருக்கிறானாம். அவர் அவள் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டார். நான் கேட்கிறேன். இதோ கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதுதான் நான் செய்யாமல் விட்டது, இனி தினமும் இப்படி உட்கார்ந்து கேட்க வேண்டும், சாயங்காலம் ஒரு நேரம் வைத்துக்கொள்ளலாம், ஜெபத்துக்கு முன்னால் வைப்பதா பின்னால் வைப்பதா, முன்னால் வைத்தால் மனது அலையும், பின்னால் வைத்தால் அவளுக்குச் சமையல் வேலை இருக்கும். கடைத்தெருவில் மனுவேல் உட்கார்ந்த டீக்கடை கடந்துபோனது, பலகை போட்டு மூடியிருந்தது. மனுவேல், அந்தப் பய யார். ஒருவேளை நல்ல கதையாகக்கூட இருந்திருக்கும். குசும்பாகத் தொடங்கி நல்லதாக முடிகிற கதைகளும் மனுவேலிடம் உண்டு. இத்தனை நாள் ஏன் அது தோன்றவில்லை, முடியாத வாக்கியத்தை நானே முடித்து, நானே தீர்ப்பு எழுதி, அதற்குப் பயந்து, அந்தப் பயத்தைக் கொண்டுவந்து வீட்டுக்குள் வைத்து,

"கேக்கியளா?" என்றாள் பியூலா.

அவர் அவளைப் பார்த்தார். அவள் வாய் மூடிக்கொள்ளத் தயாராக இருந்தது, சரி விடுங்க என்று சொல்லப்போகிற வாய். ஆமாம் என்று சொல்லிவிடலாம், தலையை ஆட்டினால் போதும், அவளும் நம்பிவிடுவாள்.

"இல்ல" என்றார். "திருச்சிக்கு மேல ஒண்ணும் கேக்கல. திரும்பச் சொல்லு."

ஆட்டோ ரயில்வே கேட்டில் நின்றது. பியூலா முக்காட்டைத் தோளுக்குத் தள்ளிவிட்டு, நீட்டின காலைக் கையால் பிடித்து ஒருமுறை நகர்த்தி வைத்தாள். "நல்லாக் கேளுங்க, ரெண்டாந்தடவ சொல்ல மாட்டேன்" என்றாள். பிறகு, இன்ஜின் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, ஹெலன் போன் பண்ணின இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.